பாப்பாவிடம் பாடம் கற்ற டீச்சர்

சிவகங்கைச் சீமையில் நாட்டரசன்கோட்டைக்குப் போகிறவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஒன்று கண்ணுடைய நாயகி அம்மன் கோயில். ஊரார் வாயில் அவள் கண்ணாத்தாள். கண் நோய் கண்டவர்கள் நேர்ந்துகொண்டு வந்து அவள் சந்நிதியில் நிற்பார்கள். மற்றொன்று கம்பர் சமாதி. கவிச்சக்கரவர்த்தி தம் கடைசிக் காலத்தை இங்கே கழித்து, இந்த மண்ணிலேயே அடங்கினார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் திருநாள், பங்குனி அத்தத்தன்று இங்கே வந்துதான் நிறைவு பெறுகிறது.

கண்ணுக்கு ஒரு தாய், நாவுக்கு ஒரு கவிஞர். இந்த இரண்டும் போதாது, மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு என்று எனக்குச் சொன்னவர் அந்த ஊரில் ஓர் அங்கன்வாடி டீச்சர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அன்று காலை சமாதியில் கண்ட காட்சி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். கூடவே குழந்தையின் அப்பத்தா. சமாதி மண்ணில் ஒரு துளி எடுத்துக் குழந்தையின் நாவில் தடவினால் கல்வியும் கவியும் வரும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அப்பத்தா பயபக்தியோடு ஒரு சிட்டிகை எடுத்தாள், தடவினாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

இதற்குள் அந்தக் குழந்தையின் அண்ணன், மூன்று வயது இருக்கும், சற்றுத் தள்ளிக் குந்தி உட்கார்ந்து அதே மண்ணில் ஆள்காட்டி விரலால் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தான். தாய் பார்த்துவிட்டாள். "சனியனே, மண்ணுல கையை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கையில் ஒரு தட்டு. பையன் அழவில்லை. விரலைப் பார்த்தான்; அம்மாவைப் பார்த்தான்; எழுந்து போனான்.

ஒரு பிள்ளைக்கு மண்ணை ஊட்டுகிறோம், இன்னொரு பிள்ளையை மண்ணைத் தொடாதே என்கிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அங்கன்வாடிக்குள் நுழைந்தேன்.

"உட்காருங்க தம்பி!"

நகரத்தார் வீடுகளின் நெடுஞ்சுவரை ஒட்டிய தெரு ஒன்றில் ஒற்றை அறைக் கட்டடம். வாசலில் வரிசையாகப் பதினேழு ஜோடிச் சின்னஞ்சிறு செருப்புகள். உள்ளே கால் வைத்ததும் சத்தம் நின்றது. பதினேழு ஜோடிக் கண்களும் என் மேல்.

"உட்காருங்க தம்பி. நின்னுக்கிட்டே இருந்தா பிள்ளைக மிரளும். அதுகளுக்கு நீங்க ஒரு பனைமரம்" என்றார் டீச்சர்.

உட்கார்ந்தேன். சத்தம் மறுபடி தொடங்கியது. ஐந்து நிமிஷத்தில் ஒரு சிறுமி வந்து என் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தன் சொத்தாக்கிக்கொண்டாள்.

டீச்சருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இருபத்து மூன்று ஆண்டுகளாக இதே வேலை. பெயரைப் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். "பேரைப் போட்டா ஊருல கேலி பண்ணுவாக" என்று சிரித்தார். எப்படி இந்த வேலையைக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன கதை இது.

பிளஸ் டூ முடித்துக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். வேலை கிடைத்தபோது, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரிய படிப்பு எதற்கு என்றுதான் நினைத்தாராம். சில வாரப் பயிற்சி கொடுத்தார்கள். எடை பார்ப்பது, ரிஜிஸ்தர் எழுதுவது, பாட்டுப் பாடுவது எல்லாம் சொல்லித்தந்தார்கள். முதல் நாள் மையத்தைத் திறந்தால் அத்தனை பிள்ளைகளும் ஒரே அழுகை. ஒரு பிள்ளை நிறுத்தினால் இன்னொன்று தொடங்கும். டீச்சர் கையில் ஒரு குச்சியை எடுத்தார். அடிக்கவில்லை, தரையில் தட்டி "வாயை மூடு!" என்று ஓர் அதட்டல் போட்டார். அடங்கியது. அட, இவ்வளவுதானா விஷயம் என்று தோன்றியதாம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் மட்டும் மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டுக்கு வாய் அசைக்கமாட்டான். கேட்டதற்குப் பதில் வராது. மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். பிள்ளைக்குப் பேச்சு வராதோ என்று பயந்து, டாக்டரிடம் காட்டச் சொல்லலாம் என்று தாயைக் கூப்பிட்டனுப்பினார்.

தாய் வந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்ன டீச்சர் சொல்றீங்க? வீட்டுல இவன் தொல்லை தாங்க முடியலை. நீங்க பாடுற பாட்டெல்லாம் வரிசையாப் பாடுறான். தலகாணியை எல்லாம் வரிசையா உட்கார வச்சு, கையில குச்சியை எடுத்துக்கிட்டு 'வாயை மூடு! வாயை மூடு!'ன்னு தரையில தட்டுறான்."

கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு டீச்சர் ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டார்.

"அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை தம்பி. மூணு மாசமா நான் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கான். நான் சொல்லிக்கொடுத்தது பாட்டுன்னு நினைச்சேன். குச்சியையும் சேர்த்துல்ல சொல்லிக்கொடுத்திருக்கேன்!"

மறுநாள் குச்சி அடுப்புக்குப் போயிற்று. ஆயா அதை வைத்து உலை மூட்டினாராம்.

அடையாற்றுக்கு வந்த அம்மையார்

நாட்டரசன்கோட்டை டீச்சர் ஒரு தலையணைக் கச்சேரியில் தெரிந்துகொண்ட பாடத்தைக் கற்பிப்பதற்காகவே கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர் ஒருவர் உண்டு. இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி. 1907 ஜனவரி 6-ஆம் தேதி, ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைகள் பேட்டையில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறந்தவர். 1939 நவம்பரில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். சுமார் 300 பேர் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மகன் மாரியோ ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்வார்.

வந்தவர் சில மாதங்களில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. பிரிட்டிஷ் சர்க்கார் மாரியோவைப் பகைநாட்டார் என்று காவலில் வைத்தது; அம்மையாரை அடையாற்றை விட்டு நகரவிடவில்லை. ஆகஸ்டு 31-ஆம் தேதி அவருடைய எழுபதாவது பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள். பிறகு 1942 முதல் 1944 வரை கோடைக்கானல் வாசம். அங்கே மலைச்சாரலில் பூச்சியையும் இலையையும் தேடி ஓடிய பிள்ளைகளைப் பார்த்து, தம் கல்விமுறையில் ஒரு புதிய பகுதியையே அவர் வகுத்தார். 1946-இல் ஐரோப்பா சென்றவர், மறுபடி 1947-இல் வந்து 1949 வரை இங்கே பயிற்சி நடத்தினார். இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

அவர் அவர்களுக்குக் கற்பித்ததில் முக்கியமானது, பேசாமல் உட்கார்ந்து குழந்தையைக் கவனிப்பது. குழந்தை எந்தப் பொருளை எடுக்கிறது, எத்தனை தடவை திருப்பித் திருப்பிச் செய்கிறது, எப்போது அலுத்து வைக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தை ஒரு வேலையில் மூழ்கியிருக்கும்போது உதவி என்ற பெயரில் குறுக்கே போகக் கூடாது. பாராட்டிக்கூடக் கலைக்கக் கூடாது. கேட்க எளிது. பட்டதாரிகளுக்கே இதுதான் கடினமாக இருக்கும். சொல்லிக்கொடுக்க வந்தவருக்குச் சும்மா இருப்பதுதானே பெரிய தண்டனை!

மணலில் எழுதிய பாட்டன்மார்

மாண்டிசோரி வகுப்பில் ஒரு சாதனம் உண்டு. மணற்காகிதத்தில் எழுத்தை வெட்டிப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். குழந்தை இரண்டு விரல்களால் அதைத் தடவி, எழுத்தின் வளைவை விரலுக்குப் பழக்கிக்கொள்ளும். பென்சில் பிடிப்பது அதற்கப்புறம்.

இதைக் கேட்டதும் நம் வீட்டுக் கிழவர்கள் சிரிப்பார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, உபாத்தியாயர் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ'னா எழுதவைத்தது வேறு என்ன? செட்டிநாட்டு வீட்டுத் திண்ணைகள் எத்தனை மணல் பள்ளிகளைக் கண்டிருக்கும்!

சீமைக்கே இந்த மணல் போயிருக்கிறது. சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னார். சம்பளத்துக்கு இருந்த ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அவன் செய்து காட்டிவிட்டான். பெல் ஊர் திரும்பி 1797-இல் இதைப் பற்றி நூல் எழுத, 'மதராஸ் முறை' இங்கிலாந்தில் பரவிற்று.

திண்ணைப் பள்ளியைப் பற்றிப் பெருமை பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அங்கே மணலும் இருந்தது, பிரம்பும் இருந்தது. மணலை மறந்தோம். பிரம்பு வெகுகாலம் நம்மோடு வந்தது.

புளியங்கொட்டையே போதும்

மாண்டிசோரி சாதனங்கள் விலை அதிகம். பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. குஜராத்தில் பாவநகரில் கிஜுபாய் பதேகா என்ற வக்கீல், தம் மகனை எப்படி வளர்ப்பது என்று தேடப்போய், வக்கீல் தொழிலை விட்டு 1920-இல் பாலமந்திர் தொடங்கினார். பிள்ளைகள் அவரை 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தார்களாம். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக் 1945-இல் மகாராஷ்டிரத்துப் போர்டி கிராமத்துக்குப் போனார். சேரிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததைக் கண்டு, பள்ளியை அவர்கள் முற்றத்துக்கே கொண்டுபோனார். இலை, விதை, கூழாங்கல், களிமண் எல்லாம் சாதனங்கள் ஆயின. முற்றம் என்றால் அந்தப் பக்கத்து மொழியில் 'அங்கன்'. இன்று நாடெங்கும் நாம் சொல்லும் அங்கன்வாடி என்ற பெயர் இந்த முற்றத்திலிருந்து வந்தது.

நாட்டரசன்கோட்டை டீச்சரிடமும் விலை உயர்ந்த சாதனம் ஏதும் இல்லை. ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை, பாட்டில் மூடிகள், பழைய புடவைத் துண்டுகள், ஒரு தாம்பாளத்தில் சலித்த மணல். ஒரு பெண் குழந்தை புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாய் குறுகிய பாட்டிலுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். நிறைந்ததும் கொட்டினாள், மறுபடி போட்டாள். ஏழாவது தடவை எனக்கே பொறுக்கவில்லை. "போதுமே பாப்பா" என்று வாயைத் திறந்தேன். டீச்சர் கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டார்.

"கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருதுல்ல, அதைப் பாருங்க. நாளைக்கு இந்த ரெண்டு விரல்தான் பென்சிலைப் பிடிக்கணும். அவ இப்பவே எழுதிக்கிட்டுத்தான் இருக்கா."

அப்போதுதான் அவர் அந்த மூன்றாவது விஷயத்தைச் சொன்னார். "நம்ம ஊருல கண்ணுக்கு ஆத்தா இருக்கா. நாக்குக்குக் கம்பர் இருக்கார். விரலுக்கு யாரு இருக்கா? அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

ஒருவருக்கு எத்தனை வேலை!

இந்தியாவில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், குழந்தைகள் மையங்களைக் கிராமம்தோறும் கொண்டுசேர்த்தது. இன்று மாநிலத்தில் சுமார் 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன.

ஒரு மையத்தில் ஒரு டீச்சர், ஓர் உதவியாளர். கர்ப்பிணிகள் கணக்கு, தடுப்பூசிக் கணக்கு, எடை, உயரம், சத்துமாவு, சோறு, முட்டை எல்லாம் இவர்கள் பொறுப்பு. 2021 முதல் கைப்பேசியில் 'போஷன் டிராக்கர்' பதிவும் சேர்ந்துகொண்டது. நான் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தில் டீச்சரின் போன் எட்டுத் தடவை கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் பாட்டு பாதியில் நின்றது.

இதில் கற்பிக்க நேரம் ஏது? கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக பொருளாதார அறிஞர்களும் இதே கேள்வியைத் தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் சோதித்துப் பார்த்தார்கள். சில மையங்களில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை அமர்த்தினார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்காயிற்று. பதினெட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். பழைய டீச்சருக்குக் கை ஒழிந்ததால் பிள்ளைகளின் சத்துக்குறைவும் குறைந்தது.

ஆனாலும் மத்திய சர்க்கார் கணக்கில் அங்கன்வாடிப் பணியாளர்கள் மதிப்பூதியம் பெறும் தொண்டர்களே. பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்வதற்கே 2022 ஏப்ரல் 25-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு வேண்டியிருந்தது.

பென்சில் அவசரம்

டீச்சரின் பெரிய மனக்குறை சம்பளத்தைப் பற்றியது அல்ல. மூன்று வயது ஆனதும் பிள்ளைகளை வேனில் ஏற்றி ஆங்கில நர்சரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். "உங்ககிட்ட விட்டா விளையாட்டுத்தானே டீச்சர், ஏ பி சி டி எழுதச் சொல்லித்தர மாட்டேங்கிறீங்களே" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். இந்த ஆசையைச் சர்க்காரும் அறிந்ததால்தான் 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன.

பெற்றோரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தான் படாத சுகத்தைப் பிள்ளை படவேண்டும் என்ற ஆசை அது. ஆனால் அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை, வெறும் குருத்து. ஒவ்வொன்றாக ஆண்டுக்கணக்கில் எலும்பாகி, எட்டாவது எலும்பு உருவாகப் பத்து வயதுக்கு மேலும் ஆகும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அவற்றில் சிலதான் உருவாகியிருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு பக்கம் எழுது என்றால், கை வலிக்கும். கை வலித்தால் புத்தகத்தைக் கண்டாலே கசக்கும். அரும்பைப் பிரித்தால் மலர் வருமா?

"அப்போ எழுத்து எப்போ டீச்சர்?" என்று கேட்டேன்.

"பிள்ளை வட்டம் போடணும் தம்பி. முதல்ல கிறுக்கும். அப்புறம் சுத்தும், ஆனா சுத்துன கோடு வந்து சேராது. மூணு வயசுவாக்குல ஒரு நாள், ஆரம்பிச்ச இடத்துலயே கொண்டுவந்து முடிக்கும். வட்டம் மூடிரும். நாம சொல்லித்தந்து மூடுறதில்லை, அதுவா மூடணும். அன்னிக்கு நான் வீட்டுக்குப் போயி பாயசம் வைப்பேன்."

"இருபத்து மூன்று வருஷமாகவா?"

"ஆமா. சர்க்கரை வியாதி வந்தப்புறம் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று சிரித்தார்.

மூன்று மாதம் பேசாமலிருந்த அந்தப் பையன் என்ன ஆனான் என்று விடைபெறும்போது கேட்டேன். இப்போது மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை. ஊருக்கு வந்தால் டீச்சரைப் பார்க்காமல் போகமாட்டானாம். இப்போதும் அதிகம் பேசமாட்டான். "வந்து அந்த மூலையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பான். நானும் அவனைப் பார்ப்பேன். அந்த மூணு மாசக் கடனை அடைக்கணும்ல?"

மண்ணில் ஒரு வட்டம்

மாலையில் மறுபடி கம்பர் சமாதிப் பக்கம் போனேன். கூட்டம் இல்லை. காலையில் அந்தப் பையன் குந்தியிருந்த இடத்தைத் தேடினேன். அவன் இழுத்த கோடு அப்படியே இருந்தது. பெரிய வட்டம் ஒன்று, கொஞ்சம் கோணல். சுற்றி வந்த கோடு ஆரம்பத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றிருந்தது. கையில் அந்தத் தட்டு விழுந்தது அப்போதுதானோ என்னவோ!

குனிந்து அதை மூடிவிடலாமா என்று தோன்றியது. டீச்சர் கையைக் காட்டி அடக்கியது நினைவுக்கு வந்தது. அப்படியே விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டேன்.

அந்தத் தாய் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு விண்ணப்பம்: அம்மா, சின்னவன் நாவில் வைத்த மண்ணைப் பெரியவன் விரலுக்கும் கொஞ்சம் கொடுங்கள். கை கழுவத் தண்ணீர் இருக்கிறது.